என் கணவரின் மன அமைதி

என் கணவருக்கு மன அமைதி கிடைத்த வருஷம்தான் என் வாழ்நாளிலேயே நான் அதிகமாகக் கோபப்பட்ட வருஷம். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் முழுசாக ஆறிவிடவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதாமலே போய்விடுவேன்.

அப்போது நாங்கள் குன்னூரில், பஜாரிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவர் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். நான் துவக்கப் பள்ளி டீச்சர். மகள் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். எங்களோடு என் மாமனார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வாலிப வயதில் மலையேறி வந்து பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வயதானதும் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருந்தார். வீடென்றால் ஒரு முன்னறை, ஒரு ஹால், சமையலறை, பின்னால் மாமனாருக்கு ஒரு சின்ன அறை.

என் கணவர் சுருக்கென்று கோபம் வருகிற மனிதர். சாம்பாரில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். காலையில் பஸ்ஸைத் தவறவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வீட்டில் யாரும் அவரிடம் வாய் திறக்க முடியாது. அப்படிப்பட்டவரை ஆபீஸ் நண்பர் ஒருவர் தியான வகுப்புக்குக் கூட்டிப் போனார். கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு குரு, கல்யாண மண்டபம் ஒன்றில் சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரம் போய்வந்தவர் ஆளே மாறிப்போனார். குரல் தணிந்தது, உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் என்னிடம், நீ கொடுத்துவைத்தவள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாரியம்மனுக்கு எலுமிச்சை விளக்குகூட ஏற்றினேன்.

அந்த அமைதிக்கு என்னவெல்லாம் வேண்டியிருக்கிறது என்று போகப் போகத்தான் தெரிந்தது. முன்னறை அவருக்கென்று ஆனது. தரையில் வெள்ளை விரிப்பு, ஒரு குத்துவிளக்கு, மூடிய கதவு. காலையில் அவர் உட்காரும்போது குக்கர் விசிலடிக்கக் கூடாது. சாயங்காலம் உட்காரும்போது ரேடியோ கூடாது, மகள் வாய்விட்டுப் பாடம் படிக்கக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தோம். முன்பு அவர் கோபத்துக்குப் பயந்து எப்படி நடந்தோமோ, அதே நடைதான்.

அந்த ஆனி மாசத்தில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. என்னை எப்போதும் 'அம்மிணி' என்று கூப்பிடுவார். அதில் முதல் பாதிதான் மிச்சம் இருந்தது. எது வேண்டுமென்றாலும் பின்னறையிலிருந்து 'அம்... அம்...' என்று சத்தம் வரும். நான் ஓடுவேன்.

படுத்துவிட்ட ஆளைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று செய்தவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் அவரைப் புரட்டி, துடைத்து, ரப்பர் ஷீட்டைக் கழுவி, துணி மாற்றி, ராகிக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் கிளம்ப முடியும். நான் வரும்வரை பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். என் கணவர் ஆபீஸ் போகும் முன் பின்னறை வாசலில் நின்று அப்பாவைக் கும்பிடுவார், கண் கலங்குவார், போய்விடுவார். ஒரு பக்கம் தூக்கிப் பிடியுங்கள் என்று கேட்டால், இன்னும் தியானத்துக்கு உட்காரவில்லை என்பார். உட்கார்ந்து எழுந்த பிறகு கேட்டால், இப்போதுதான் எழுந்தேன் என்பார். ஒருநாள் இடுப்பு விட்டுப்போய்ச் சமையலறையில் குனிந்தபடி நின்றிருந்தேன். அவர் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "உடம்புதான் நான்னு நினைக்கறே. அதனாலதான் வலிக்குது."

ஒருநாள் அந்தக் குரு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே வகுப்பு ஆட்கள் சிலர். நான் பஜ்ஜியும் டீயும் கொண்டுபோய் வைத்தேன். மாமனாரைப் பார்த்துவிட்டு வந்த குரு என்னை உட்காரச் சொன்னார். அம்மா செய்கிற சேவைதான் பெரிய தவம், நாங்கள் கண்ணை மூடித் தேடுவதை நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டே அடைந்துவிட்டீர்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவர் பெருமையாக என்னைப் பார்த்தார்.

நான் கேட்டேன். "அப்படீன்னா சாமி, நாளையிலிருந்து அந்தப் பெரிய தவத்தை இவரு பண்ணட்டுங்க. சின்னத் தவத்தை நான் பண்ணிக்கறேன்."

குரு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். உங்கள் வீட்டு அம்மாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று ஒருவர் சொன்னார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாழ்க்கையில் யாராவது என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. அழுதாலாவது என்னவென்று கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டேன், பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்பதைப் போல ரசித்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி வந்தது. குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெயிலைப் பார்ப்பது அபூர்வம். மாமனாருக்குக் கட்டும் துணிகள் கொடியில் நாள்கணக்காகத் தொங்கினாலும் ஈரம் போகாது. அதனால் எல்லோர் வீட்டிலும் செய்வதைப் போல ஹாலில் கரியடுப்பை மூட்டி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் போட்டு உலர்த்துவேன். எவ்வளவு துவைத்தாலும் சூடுபட்டதும் அந்தத் துணியிலிருந்து ஒரு வாடை எழும். மூத்திரமும் சோப்பும் கரிப்புகையும் கலந்த வாடை. அது என் புடவையில் ஏறிப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது.

ஒரு சாயங்காலம் அப்படி உலர்த்திக்கொண்டிருந்தேன். பின்னறையில் மாமனார் நனைந்துபோய்ப் படுத்திருந்தார். மாற்ற ஒரு துணிகூடக் காய்ந்ததாக இல்லை. ஒன்றாவது காயட்டும் என்று புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறைக் கதவு திறந்தது. என் கணவர் வெளியே வந்தார். முகத்தில் எரிச்சல் இல்லை. புன்னகை இருந்தது. நோயாளியிடம் பேசுவதைப் போலப் பேசினார்.

"வாடை உள்ளே வருதும்மா. மனசு நிக்க மாட்டேங்குது. அடுப்பைப் பின்னாடி தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோயிடேன்."

பின்னாடி கொட்டகையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே வைத்தால் அடுப்பே அணைந்துவிடும். அது அவருக்கும் தெரியும். பழைய மாதிரி அவர் கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு அடுப்பைத் தூக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தப் புன்னகைதான் என்னைக் கிளப்பிவிட்டது. அத்தனை மாதமும் அவர் விட்டொழித்த கோபமெல்லாம் எங்கே போனதென்று அப்போது புரிந்தது. அதையும் சேர்த்து நான் சுமந்துகொண்டிருந்தேன்.

கையிலிருந்த துணியை அவர் தோளில் போட்டேன். "உங்கப்பா நனைஞ்சு கிடக்கறாருங்க. இது இன்னும் காயலை. காய வச்சு, துடைச்சு, கட்டிவிடுங்க. நான் தியானம் பண்ணப் போறேன்."

முன்னறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டேன். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். என்ன அமைதி கிடைத்தது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். பின்னறையிலிருந்து 'அம்... அம்...' என்று சத்தம் வந்தது. கால் தானாக எழப் பார்த்தது. விரிப்பின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். மகள் கதவருகில் வந்து, "அம்மா, அப்பா சும்மா நிக்கறாங்க" என்றாள். நிற்கட்டும், நீ போய்ப் படி என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வாளி இழுபடும் ஓசை. தண்ணீர் ஊற்றும் ஓசை. அப்புறம் அவருடைய பழைய குரல், பல மாதங்களாக நாங்கள் கேட்காத அந்தக் குரல், "அசையாம இருங்கப்பா" என்று அதட்டியது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நான் வெளியே வந்தபோது துணி கோணல்மாணலாகக் கட்டப்பட்டிருந்தது. போர்வை பாதி ஈரம். மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"தினமும் இப்படியா பண்றே?"

இந்தக் கேள்வியைச் சொன்னால் கேட்பவர்கள் இரக்கப்படுகிறார்கள், மனுஷன் உணர்ந்துவிட்டார் பார் என்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அதில்தான் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனியிலிருந்து ஐப்பசி வரை ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். மனசுக்குள் அத்தனை ஆழம் போய்வந்தவருக்கு, ஹாலைத் தாண்டிப் பின்னறை வரை வர முடிந்திருக்கவில்லை.

"ஆமாங்க, தினமும்" என்றேன். போர்வையை மாற்றினேன்.

மறுநாள் காலையில் நான் அடுப்படிக்குப் போகவில்லை, பின்னறைக்கும் போகவில்லை. நேரே முன்னறைக்குப் போனேன். அவர் வாளியை எடுத்தார். அன்றிலிருந்து மாமனாரைப் பார்த்துக்கொள்வதில் காலை அவருடையது, சாயங்காலம் என்னுடையது என்று ஆனது. உட்கார்ந்து பேசி முடிவுசெய்ததில்லை. ஆரம்பத்தில் அரைகுறையாகச் செய்தார். ஒருமுறை கஞ்சி புரையேறி மாமனார் தவித்துப்போனார். பிறகு கற்றுக்கொண்டார். மார்கழியில் ஒரு காலை நான் வெளியே வந்தபோது, அப்பாவுக்கு முகச்சவரம் செய்துகொண்டே ஜவுளிக்கடைக் காலத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு பக்க உதட்டால் சிரித்தார். அதைப் பார்த்து எனக்கும் மனசு இளகியது. இல்லையென்று சொல்லமாட்டேன்.

சித்திரையில் மாமனார் போய்ச் சேர்ந்தார். கீழேயிருந்து சொந்தமெல்லாம் வந்திருந்தது. காரியத்தன்று பந்தியில் பெரியவர் ஒருவர் என் கணவரைப் பாராட்டினார், இந்தக் காலத்தில் எந்த மகன் இப்படி அப்பாவுக்குச் செய்கிறான் என்றார். என் கணவர் கைகூப்பிச் சொன்னார்: "எல்லாம் தியானம் கொடுத்த பலம்தானுங்க."

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி நிற்கவில்லை. அடுத்த இலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகும் நான் காலையில் உட்காருவதை விடவில்லை. இன்றுவரை உட்காருகிறேன். யாரும் சொல்லிக்கொடுத்த முறை எதுவும் கிடையாது. என் கோபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். சில வெறும் அசதி. தூங்கினால் போய்விடும். சில என் அகம்பாவம். அவற்றைப் பார்த்து வெட்கப்படுவேன். சிலது மட்டும் எத்தனை நாள் புரட்டிப் பார்த்தாலும் சரியாகவே இருக்கிறது. அதை அடக்கச் சொல்லி என் மாரியம்மன் என்னைக் கேட்டதில்லை. அதை எடுத்துக்கொண்டு எழுந்து போய், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். சொந்தக்காரர் வீடுகளில் சொன்னேன். முன்பு நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட, சொல்லிவிட்டு வந்த நாட்களில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

காரியத்தன்று பந்தியில் என் கணவர் சொன்னதைப் பற்றிப் பல வருஷம் கழித்து ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"நான் அப்படியா சொன்னேன்?" என்றார். பொய்யில்லை, அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

சொன்னீர்கள் என்றேன். யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், எந்த இலையில் என்ன மிச்சமிருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும் என்றேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் சொல்லி முடித்தேன்.