அப்பா ஸ்கூட்டி விட்ட இடம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனவள் அக்கா. அந்தச் செய்தியை எங்கள் ஊரான அமிர்தகழி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அப்பா. வாவியில் வலை வீசும் இடத்திலும் கோயில் வீதியிலும் கேட்டவர், கேளாதவர் எல்லோரிடமும் சொன்னார். குவைத்தில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த அம்மா, மகள் பஸ்ஸில் இடிபடக் கூடாதென்று ஒரு சிவப்பு ஸ்கூட்டிக்குக் காசு அனுப்பினார்.

ஆனால் அக்கா பஸ்ஸில்தான் போனாள். ஸ்கூட்டி விறாந்தையில் பழஞ்சீலை போர்த்தியபடி நின்றது. கேட்டால், பெரிய வீதியில் லொறிகள் வருகின்றன, பயமாக இருக்கிறது என்பாள். என்னை டியூசனுக்கு ஏற்றிப் போகும்போது அவள் பறக்கவிடும் வேகம் எனக்கல்லவா தெரியும். அப்பாவோ பிள்ளை பெற்றோலை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்து உருகிப்போனார்.

உண்மைக் காரணத்தை அக்கா எனக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்து. முதலாம் வருடத்தார் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ உள்ளே வரக்கூடாது என்று மூத்த மாணவர்கள் அங்கே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். நிர்வாகம் ஒட்டிய அறிவித்தல்களை யாரும் வாசிப்பதில்லை. எங்கும் எழுதாத இந்தச் சட்டத்தை மீறத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. வாகனம் விடுகிற தகரக் கொட்டிலின் முன்வரிசை கடைசி வருடத்தாருக்கு உரியது. புதியவர்கள் அந்தப் பக்கம் நிமிர்ந்தும் பார்க்கக் கூடாதாம்.

மாரி காலத்தில் ஒருநாள் தனியார் பஸ்கள் ஓடவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மகளைக் கூட்டிவரப் புறப்பட்ட அப்பா, மீன்பெட்டி கட்டிய தன் பழைய மோட்டார் சைக்கிளில் கைவைத்தவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டார். மீன் வெடில் நாற்றத்தோடு அங்கே போய் நின்றால் பிள்ளைக்கு மரியாதை இல்லையாம். கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சாரத்தைக் கட்டி, ஸ்கூட்டியைத் துடைத்து, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

வாசலில் இருந்த காவலாளி கொட்டிலைக் கைகாட்டினார். அப்பா நேராக முன்வரிசைக்குப் போனார். அங்கே மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி நாலைந்து பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இது யாருடைய ஸ்கூட்டி என்று ஒருவன் மிகுந்த மரியாதையோடு கேட்டான். அப்பாவுக்கு அதுபோதும். மகளின் பெயர், எந்தப் பிரிவு, முதலாம் வருடம், தாய் குவைத்தில் இருந்து வாங்கிக் கொடுத்தது, இனி மகள் இதில்தான் வரவேண்டும் என்று அனைத்தையும் ஒப்புவித்தார். அவர்கள் ஆளையாள் பார்த்துவிட்டு, இரண்டு மோட்டார் சைக்கிள்களை நகர்த்தி இடம் விட்டார்கள். ஒருவன் போய் அக்காவை அழைத்தும் வந்தான்.

அக்கா இரட்டைப் பின்னலும் றப்பர் செருப்புமாக வந்தாள். காலையில் போட்டுப்போன சப்பாத்தைக் காணவில்லை. ஸ்கூட்டி நின்ற இடத்தைக் கண்டதும் அவள் கால் நின்றுவிட்டது.

"ஏனப்பா இஞ்ச வந்தீங்க?"

"மழ வருகுது புள்ள, பஸ்ஸும் இல்லையாம்" என்றார் அப்பா.

இடம் விட்டவன் சிரித்தான். "நாளைக்கும் ஸ்கூட்டியிலயே வாங்க தங்கச்சி. இதிலயே விடலாம்."

அப்பா அவனுக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார். மூவரும் நனைந்துகொண்டு வந்த வழியெல்லாம் அந்தப் பொடியனுகளின் பண்பைப் பற்றியே பேசினார். அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த நான் அக்கா நடுங்குவதை உணர்ந்தேன். குளிர் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிய அப்பா ஸ்கூட்டியை வாசல் படலையடியில் தயாராக நிறுத்தியிருந்தார். அக்கா மறுக்கவில்லை, ஏறிப் போனாள். பின்னேரம் திரும்பியபோது அவளுடைய வெள்ளைச் சால்வை கருப்பாகிக் கிடந்தது. கொட்டிலில் நின்ற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் அந்தச் சால்வையாலேயே துடைக்க வைத்திருக்கிறார்கள். துடைத்து முடிந்ததும் சுற்றி நின்றவர்கள் முன்னால், குவைத்தில் அம்மா கக்கூஸ் கழுவுவது எப்படி என்று நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அன்று அவள், ஸ்கூட்டி வழியில் நின்றுவிட்டது, திருத்திக்கொண்டு வந்தேன் என்றாள். அப்பா அதையும் நம்பினார்.

இரண்டு கிழமை அப்படியே போய்வந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் எழும்பவில்லை. இனிப் போகப்போவதில்லை என்றாள்.

அப்பா முதலில் தணிவாகத்தான் கேட்டார். "ஆரும் என்னவும் சொன்னாங்களா மகள்?"

அக்கா அவர் முகத்தைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லப்பா. எனக்குப் படிப்பு ஏறுதில்ல."

அப்பா பிள்ளைகளை வாய்நிறைய ஏசி நான் கேட்டது அன்றுதான். கொழுப்பு என்றார். தாய் அங்கே படும் பாடு தெரியாதவள் என்றார். ஊருக்குள் இனி எந்த முகத்தோடு போவேன் என்றார். அக்கா சுவரைப் பார்த்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா அந்தக் கணமே ஏச்சை நிறுத்தியிருப்பார். தன் கையால் கொண்டுபோய் விட்ட ஸ்கூட்டியை நினைத்து நினைத்து, பிறகு வாழ்நாள் முழுவதும் தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்திருப்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஏசி முடித்த அப்பா விறாந்தையில் குந்தி, தன் தோள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அக்காவின் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எவ்வளவு கல்மனம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டு, நான் போய் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன்.