ஐந்தரைக் கட்டை

பதின்மூன்று வயதில் நான் முழுமனதோடு வெறுத்த ஒரே ஆள் என் தாய்மாமா. காரணம், அவருடைய கம்பெனி ஷிப்டு.

ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். கூலி வேலை செய்துவந்த எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் காக்கிச் சட்டை போட்டவர் மாமா. பஜனைகளில் ஆர்மோனியம் வாசிப்பார். கிருஷ்ணகிரியில் பள்ளிகளுக்கிடையே பாட்டுப் போட்டி என்றதும், எனக்கு அவர்தான் வாசிக்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஐந்தரைக் கட்டையில் பிசிறில்லாமல் பாடுகிறவன் என்று பள்ளியில் எனக்குப் பெயர். முதல் பரிசு எனக்குத்தான் என்று நானே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரே ஒரு முறைதான் உட்கார்ந்தோம், அவருடைய வார விடுமுறையில். இரண்டு வரி கேட்டதும் பெட்டியை நிறுத்தி, நாலு கட்டைக்கு இறக்கிப் பாடச் சொன்னார். இறக்கிப் பாடுவது எனக்குக் கேவலம். மாட்டேன் என்றேன். சரி, பழகும்போது பார்க்கலாம் என்றார்.

பழகவே இல்லை. காலை ஷிப்டு வாரத்தில் ஓவர்டைம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அடுத்த வாரம், நான் பள்ளி விட்டு வருவதற்குள் கம்பெனி பஸ் ஏறியிருந்தார். நைட் ஷிப்டு வாரத்தில் பகலெல்லாம் தூக்கம். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் அவர் வீட்டுக் கதவைப் போய் இடித்தேன். அத்தை வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"விடிய விடிய மிஷின்கிட்ட நின்னுட்டு இப்பத்தான் கண்ண மூடினாரு. உம் பாட்டு எங்கயும் ஓடிடாது, போடா."

போட்டி ஓடிவிடும் என்று கத்தினேன். வாசலில் கிடந்த அவர் செருப்பைக் காலால் எத்திச் சாக்கடையில் தள்ளிவிட்டு வந்தேன்.

போட்டியன்று மாமா நைட் ஷிப்டு முடித்து, அழுக்குக் காக்கியோடு, பெட்டியைத் தோளில் சுமந்து நேராகக் கிருஷ்ணகிரிக்கு வந்தார். மேடையில் உட்கார்ந்ததும் நாலு கட்டையில் சுருதி பிடித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதிரே மைக் இருப்பது தெரிந்தேதான் சொன்னேன்.

"அப்புறம் ஒரு நாளாவது வந்தீங்களா? தூங்கிட்டே இருந்தவருக்கு எங் கட்டை எப்பிடித் தெரியும்? அஞ்சரை வைங்க."

கூட்டம் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "அவர மொதல்ல எழுப்பி விடுங்கப்பா" என்றான்.

மாமா எனக்கு மட்டும் கேட்கும்படி, "நாலுல பாடு சாமி" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விரல்கள் ஐந்தரைக்கு நகர்ந்தன.

மேலே ஏறுகிற இடத்தில் என் குரல் இரண்டாகப் பிளந்தது. திரும்பவும் அந்த வரியை எடுத்தேன். திரும்பவும் பிளந்தது. மாமாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதியில் இறங்கிவிட்டேன்.

குரல் உடைகிற வயது. அன்று வீட்டில் கேட்ட இரண்டு வரியிலேயே மாமாவுக்கு அது தெரிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் அவர்மேல் கோபம் வருகிறது. சொல்லியிருந்தால் பொறாமையில் சொல்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் என்மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை.

பஸ்ஸில் அவரை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். வீட்டில் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"எல்லாம் என்னாலதாங்க்கா. புள்ளய ஒழுங்கா உக்கார வெச்சுப் பழக்கல. அவங் கொரலுக்கு ஒண்ணுமில்ல."

அம்மா பிடித்துக்கொண்டாள். கம்பெனிக்குப் போனதும் கூடப்பிறந்தவளை மறந்துவிட்டாயா என்று தொடங்கி, பெட்டியைக் கீழே இறக்கி வைக்கக்கூட விடாமல் வாசலிலேயே நிறுத்தித் திட்டினாள். தூக்கம் கெட்ட சிவந்த கண்களோடு அவர் தலையாட்டிக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஒருவழியாகத் தன் தப்பை ஒப்புக்கொண்டாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.