மாமி வீட்டுத் தோட்டம் எங்கே முடிகிறது?

நிலம் அளக்கிற தொழிலில் எல்லைக்கல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். எனக்குக் கல் கிடைத்த நிமிஷத்தில்தான் பிரச்சினையே ஆரம்பித்தது.

செருப்புக் கால்

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கொல்லை. நந்தியாவட்டைச் செடிக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல். செருப்புக் காலை அதில் அண்டக்கொடுத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் அதன் உச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் சர்வேக்காரர்கள் வெட்டுகிற கூட்டல் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தது. "சார், கல்லு கெடச்சிடுச்சு" என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தேன்.

வந்தது சார் இல்லை. வீட்டுக்கார மாமி, கையில் பூக்கூடையோடு. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் காலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். வெடுக்கென்று காலைக் கீழே எடுத்தேன். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் சாமி தலையில் கூட்டல் குறி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? மாமி மெதுவாகச் சொன்னார்: "கல்யாணமாகி இந்தாத்துக்கு வந்த நாள்லேர்ந்து வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய்க் காப்பு சாத்திண்டிருக்கேன். நீ ஸ்க்ரூ டிரைவரால அவர் முகத்தைச் சொரண்டறயேடா."

யாருடையதும் இல்லாத சந்து

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே ஸ்கூலை விட்டவன். ஆதம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, பக்தா சார் என்கிற தனியார் சர்வேயரிடம் டேப் பிடிக்கிறேன், குச்சி நடுகிறேன், கல் தேடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரோடு சுவர்ச் சண்டை போடாதவர்கள் இதைப் படிக்க வேண்டாம், புரியாது. மற்றவர்கள் நம்ம ஆட்கள்.

பழைய மெட்ராஸ் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து விட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் கக்கூஸ் அள்ள ஆட்கள் வந்துபோவதற்காக. பாதாளச் சாக்கடை வந்ததும் சந்துக்கு வேலை போய்விட்டது. யார் பேரிலும் பட்டா கிடையாது. அப்படி ஒரு இடம் சும்மா கிடந்தால் நம்ம ஊரில் என்ன நடக்கும்? முதலில் ஒரு வாழைக்கன்று வரும். அப்புறம் மாடு மேய்ந்துவிடாமல் வாழைக்கு வேலி. அப்புறம் வேலி அரித்துவிட்டது என்று சுவர். இப்படித்தான் மாமி வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்து இளைத்துப் போயிருந்தது. மிச்சம் இருந்த துண்டை மாமியும் கேட்டார், சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் கேட்டார். மாமிக்குச் செடி வைக்க வேண்டும். அண்ணாச்சிக்கு வண்டி நிறுத்த வேண்டும். அளந்து சொல்லுங்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் துண்டில்தான் மல்லிகா அக்காவின் தகரக் கொட்டகை. அதற்குள் இஸ்திரி வண்டி, ஒரு பெஞ்சு, பையனின் ஸ்கூல் பை. புருஷன் இல்லை. அந்தத் தெரு முழுக்க அக்கா தேய்த்த துணியைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறது. நான் டேப்போடு போனதும் தண்ணீர் கொடுத்தார். இந்த இடம் யார் பக்கம் வரும் என்று நினைக்கிறீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "யாரு ஜெயிச்சாலும் எனக்கு ஆப்புதான் நைனா. யாருதும் இல்லன்னு வந்தாத்தான் என் வண்டி இங்க நிக்கும்."

ஜாக்கெட் துணி

அண்ணாச்சிக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கம். ஜவுளிக்காரரிடம் டேப்பின் ஒரு முனையைக் கொடுக்கவே கூடாது. கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிற மாதிரி பிடித்து, ஜாக்கெட் துணி கிழிக்கிற லாவகத்தில் முனையை உள்ளே நழுவ விடுகிறார். இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை டேப்பைப் பிடுங்கி ஆணியில் மாட்டினேன். அவர் கோபிக்கவில்லை. பிடிபட்ட வியாபாரி மாதிரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான். சாமிக்கல்லிலிருந்து சர்வே படத்தில் இருந்த சந்தின் அகலத்தை நீட்டினால், டேப் மல்லிகா அக்கா கொட்டகையைத் தாண்டியது, அண்ணாச்சியின் சுவரைத் தாண்டியது, நிற்கவில்லை. நான் வீட்டுக்குள் போய் சாக்பீஸால் கோடு போட்ட இடம் அவருடைய அடுப்படி. கேஸ் அடுப்பு கோட்டுக்குச் சந்துப் பக்கம், மிக்ஸி அவர் பக்கம். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சம்சாரம் கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்பளம் கருகிப் போயிற்று. அண்ணாச்சிக்கு முகம் வெளுத்து, சத்தம் ரொம்பச் சின்னதாக வந்தது: "ஏல தம்பி, அப்பம் இத்தன நாளா எங்க வீட்டுக் கொழம்பு கொதிச்சது பொறம்போக்குலயால?"

சாமி எழுந்து போன கதை

பக்தா சாருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. தெருப்பக்கத்து வாசலிலிருந்து கல் வரைக்கும் இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். படத்தில் இருப்பதைவிட மாமியின் மனை நீளமாக வந்தது. மறுபடியும் அளந்தோம். அப்பவும் நீளம். பிள்ளைகள் வளரும், கடன் வளரும், மனை எப்படி வளரும்? சார் மாமியிடம், "இந்தக் கல்லு எப்பவும் இங்கதான் இருந்துதாங்க?" என்று கேட்டார்.

மாமி ரொம்பப் பெருமையாகப் பதில் சொன்னார். இல்லையாம். முன்பு கிணற்றை ஒட்டி இருந்ததாம். மாமாவுக்கு ஆபீஸில் ஒன்றும் சரியாக நடக்காமல் போக, வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்து, ஈசானிய மூலையில் இருக்க வேண்டிய தெய்வம் கிணற்றடியில் ஈரத்தில் நிற்கிறதே என்றாராம். நல்ல நாள் பார்த்து, ஹோமம் வளர்த்து, தேங்காய் உடைத்து, ஆட்களை வைத்துத் தூக்கித் தோட்டத்தின் கோடியில், வடகிழக்கு மூலையில் பிரதிஷ்டை செய்தார்களாம். அதற்கப்புறம் மாமாவுக்கு எல்லாம் நன்றாக நடந்ததாம்.

சார் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.  எல்லைக்கல்லையே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு, வைத்த இடத்திலிருந்து அளந்து, ஒரு குடும்பத்தின் சமையலறையையே கவர்மென்ட் நிலமாக்கியிருக்கிறோம். சார் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். கல் சாமி இல்லை. மாமியின் தோட்டம் கிணற்றோடு முடிகிறது. அதற்கு அப்பால் இருக்கிற நந்தியாவட்டை, மாமரம், துணிக்கொடி எல்லாம் சந்து. அண்ணாச்சி வீடு முழுசாக அண்ணாச்சிக்கு. நடுவில் இருப்பது யாருடையதும் இல்லை. மாமி நம்பிக்கையோடு சாரைப் பார்த்துக் கேட்டார்: "ஸ்வாமியே நகர்ந்து வந்துட்டார். எல்லை மட்டும் அவரோட வராதா?"

காபி

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஜீரணமாகவில்லை. அதுவரை மாமியும் அண்ணாச்சியும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. நடுவில் என்னை நிறுத்தி, "அவர்ட்ட சொல்லு", "அவங்ககிட்ட சொல்லுல" என்று என் மூலமாகத்தான் சண்டை. அடுப்படி தப்பித்ததும் அண்ணாச்சி கொஞ்ச நேரம் மாமரத்தையே பார்த்தார். விஷயம் வெளியே போனால் கார்ப்பரேஷன்காரர்கள் வந்து மாமியின் சுவரை இடிப்பார்கள், மிச்சத் துண்டும் தனக்குக் கிடைக்காது என்று அவர் மூளை ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. "எதுக்கு மாமி நமக்குள்ள? உள்ள வளைச்சது வளைச்சதாவே இருக்கட்டும், உங்களுக்கு. வெளிய கெடக்கறது எனக்கு. ஒரு கல்ல நட்டுட்டா தீந்துது சோலி" என்றார்.

மாமி உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். டபராவில் காபியோடு வந்தார். அண்ணாச்சிக்கு ஒன்று, சாருக்கு ஒன்று, எனக்கும் ஒன்று. நான் வாங்கவில்லை. "அப்ப மல்லிகா அக்கா எங்க போவாங்க?" என்று கேட்டேன். யாரும் என்னை அதட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மாமி உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்: "பாவம்தான் அவ. ஆனா அது அவ எடம் இல்லையே."

புதுக் கல்

ஆட்டோவில் ஒரு புதுக் கல் வைத்திருந்தோம். அதைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார் சார். கொட்டகை வாசலில் நட்டு, சிவப்பு பெயின்ட் அடித்து, "இது கவர்மென்ட் அளவு, இந்த எடம் அண்ணாச்சிது" என்று மல்லிகா அக்காவிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். "சார், அது பொய்யி" என்றேன். "டேய் தினேசு, நாம அளக்கறவங்க. யார் எடம்னு தீர்ப்பு சொல்றது நம்ம வேலையா? போடா" என்றார். சார் கெட்டவர் இல்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துத்தான் இதைச் சொன்னார்.

கல்லோடும் பெயின்ட் டப்பாவோடும் சந்துக்குப் போனேன். மல்லிகா அக்கா தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அண்ணாச்சி வேட்டி, இன்னொரு பக்கம் மடித்து வைத்த மாமியின் நூல் புடவை. நான் வாயே திறக்கவில்லை, கல்லைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. "கொஞ்சம் இரு தம்பி. கரி சூடா கீது. அண்ணாச்சி வேட்டி ரெண்டு பாக்கி கீது, முடிச்சுக் குடுத்துட்டு நவுந்துக்கறேன்" என்றார்.  இரண்டு பேரும் அங்கே காபி குடிக்கிறார்கள், அவர்கள் துணி இங்கே சூடாக மடிந்துகொண்டிருக்கிறது.

"அக்கா, கெணத்துலேர்ந்து அண்ணாச்சி சுவர் வரைக்கும் யாருதும் இல்ல. அளந்தது நான்" என்றேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அப்புறம் கேட்டார்: "நீ சொல்லிட்ட. கார்ப்பரேசன்ல வந்து கேட்டா, அப்பவும் சொல்லுவியா?"

அளப்பதோடு நம் வேலை முடிந்தது என்று சொன்ன அதே சார்தான் அந்தக் கல்லை நட்டுவிட்டு வா என்றும் சொன்னார், நான் நடவில்லை.