கம்பெனிக்குக் கொண்டுபோன வேட்டி

அப்பா ஷேர் வாங்கியது பணத்தாசையால் அல்ல. பாட்டம் என்கிற குத்தகை நெல் வராத வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் சட்டம் வந்து, கோயமுத்தூரிலிருந்து மேற்கே எல்லை தாண்டியதும் வரும் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் நாங்கள் பாட்டத்துக்கு விட்டிருந்த வயல்களெல்லாம் உழுதவர்களுக்கே போயின. நியாயம்தான் என்று இப்போது சொல்வேன். அப்போது எங்கள் வீட்டில் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார முடியாது.

நாங்களே பண்ணையம் பார்த்த கொஞ்சம் நிலம் மிஞ்சியது. நஷ்ட ஈடாக வந்த பணத்தில் மாமா, கோயமுத்தூரில் கட்டிலும் பீரோவும் விற்கும் ஒரு கம்பெனியின் ஷேர்களை வாங்கிக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை லாபத்தில் பங்கு அனுப்புவார்கள், அதற்கு டிவிடெண்ட் என்று பெயர் என்றார். அப்பா தலையாட்டினார். ஆனால் அந்தப் பெயரை அவர் வாயால் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவருக்கு அது பாட்டம்தான். கம்பெனி அவருக்குப் பாட்டம் அளக்கும் குடியானவன்.

ஆண்டறிக்கை இங்கிலீஷில் வரும். பக்கத்துச் சித்தூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்ததால் அதை வாசித்துச் சொல்வது என் வேலை. வருஷா வருஷம் அதே விகிதத்தில் டிவிடெண்ட் கொடுப்பதுதான் எங்கள் கொள்கை என்று அதில் பெருமையாக எழுதியிருப்பார்கள்.

"பாத்தியா அம்மிணி, ஒரு படி கொறையாம அளக்கறாங்க. யோக்கியமானவங்க" என்பார் அப்பா.

முன்பெல்லாம் ஓணத்துக்குக் குடியானவர்கள் நேந்திரன் தார் கொண்டுவந்து வைப்பார்கள். பதிலுக்கு நாங்கள் புது வேட்டி கொடுப்போம். கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போன அப்பாவுக்கு ஒரு ஸ்வீட் பெட்டி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு கரை வேட்டியோடு பஸ் ஏறினார். மேடையிலிருந்து இறங்கிய முதலாளியிடம் அதை நீட்டினார். அவர் சிரித்து, வாங்கி, பக்கத்தில் நின்ற பியூனிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பாவோ ஊர் திரும்பும் வரை நிறைவாக இருந்தார். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் வேட்டி போயிற்று.

காலேஜ் முடித்ததும் பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று நான் ஒன்றைச் சொன்னது அது ஒன்றுதான். கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். "அடுத்த வருசப் பாட்டம் முழுசும் உனக்குத்தான்" என்று அப்பா வாக்குக் கொடுத்தார்.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது வந்த அறிக்கை வேறு மாதிரி இருந்தது. வியாபாரத்தில் நஷ்டம். டிவிடெண்ட் மட்டும் வழக்கம் போல. எங்கிருந்து கொடுத்தார்கள் என்று இரண்டு தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. சேர்த்து வைத்திருந்த நிதியிலிருந்து எடுத்திருந்தார்கள்.

"வெளையாத வருசத்துலயும் அளந்துட்டாங்களா?" என்றார் அப்பா.

"வெதநெல்ல எடுத்து அளந்திருக்காங்கப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. பழைய கதை ஒன்றைச் சொன்னார். சட்டம் வருவதற்கு முன்னால், மழை பொய்த்த ஒரு வருஷம், ஒரு குடியானவர் விதைநெல்லை எடுத்துப் பாட்டம் அளந்தாராம். அடுத்த வருஷம் விதைக்க ஒன்றுமில்லை. வயல் தரிசாகக் கிடந்தது. அப்பா அவரை வயலைவிட்டு இறக்கிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்தார். அந்தக் குடியானவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலைக்கு எஸ்டேட் வேலைக்குப் போனவர்தான். திரும்பி வரவில்லை.

"வெதநெல்லுன்னு தெரிஞ்சுதான் அளந்து வாங்குனன்" என்றார்.

அடுத்த வருஷம் கம்பெனியிலிருந்து வெறும் கடிதம் வந்தது. இந்த ஆண்டு டிவிடெண்ட் இல்லை. என் விண்ணப்பம் பூர்த்தி செய்து தயாராக இருந்தது. மாமா வந்து, ஷேருக்கு இன்னும் பாதி விலை கிடைக்கும், ஆள் இருக்கிறது, விற்றால் இவள் படிப்புக்கு ஆகும் என்றார்.

"ஒரு வருசம் அளக்கலீன்னா எறக்கி வுட்டுடறதா? ஒருக்காச் செஞ்சதே போதுமுங்க மாப்ள" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு வருசம் பொறுத்துக்கலாம் அம்மிணி" என்றார்.

"சரிங்கப்பா" என்றேன். கோபம் வரவில்லை. விண்ணப்பத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். கடைசித் தேதி ஒரு புதன்கிழமை. அன்று நெல் காயப் போட்டிருந்தோம், நாள் முழுக்கக் கோழி விரட்டினேன்.

ஒரு வருஷம் மூன்று வருஷமாயிற்று. டிவிடெண்ட் வரவில்லை. வேட்டி மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பியூன் இப்போது நேராகவே வாங்கிக்கொள்கிறான் என்று அப்பா ஒரு தடவை சொன்னார், குறையாகச் சொல்லவில்லை.

நாலாவது வருஷம் வந்த கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். கம்பெனியை மூடுகிறார்கள். கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக ஷேர் வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. படித்து முடித்துக் கடிதத்தை உறையில் போட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் டியூஷனுக்கு வந்து வாசலில் நின்றிருந்தார்கள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவனக் கொஞ்சம் பொறுத்திருக்கோணும். இவங்கள அப்பவே வுட்டிருக்கோணும்."

குடியானவர், கம்பெனி, அந்த இரண்டு பேரையும் சொல்லிவிட்டார். மூன்றாவதாக ஒருத்தியைப் பற்றியும் ஏதாவது சொல்வார் என்று உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, மடை திறக்க வேண்டும் என்று வயலுக்குப் போனார்.