பெட்டிக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு மச்சான்

சோலார் மாட்டுகிற தொழிலில் வெயிலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு எல்லாம் தெரிந்த ஒரு மச்சான் இருப்பாரே, அவரைத்தான் தாங்க முடியாது. மாடி ஏறி இறங்கி முட்டி தேய்ந்த சகோதரர்களே, உங்களுக்கும் ஒருத்தர் வாய்த்திருப்பார். ஒரத்தநாட்டில் நான் கடை போட்டது, பகலில் பாதி நேரம் கரண்டு இல்லாத அந்த வருஷங்களில். பேனலில் வருகிற கரண்டு நேரே பேட்டரிக்குப் போகக்கூடாது. நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்து அளந்து விடவேண்டும். ஒவ்வொரு பெட்டியும் இவ்வளவுதான் தாங்கும் என்று கணக்கு உண்டு, அதற்குத் தோதாகப் பேனல் போடவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலைமுடி கொட்டிவிட்டது.

சீரியல்

பரீதா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். மோட்டார் மெஷின். கரண்டு போனால் தையல் நிற்கும், கல்யாண ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும். புருஷன் சாதிக் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். தையல் தடையில்லாமல் ஓடினால் திரும்பிப் போவதில்லை என்று பரீதாவிடம் சொல்லியிருந்தார். வரும்போதே ஐம்பது வோல்ட் தாங்குகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். என் கடையில் இரண்டு பேனல் எடுத்தார்கள், தலைக்கு நாற்பத்தைந்து வோல்ட். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்க்கணும், நாளைக்கு நானே வந்து மாட்டுகிறேன், யாரும் தொடாதீங்க என்று சொல்லி அனுப்பினேன்.

பரீதாவின் அண்ணனுக்கு நாளை வரை பொறுக்கவில்லை. அவர் கல்யாணப் பந்தலுக்கு சீரியல் லைட் கட்டுகிறவர். அதே பழக்கத்தில் பேனல் இரண்டையும் ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்துவிட்டார். பல்பைக் கோத்தால் வோல்ட் பிரியும், பேனலைக் கோத்தால் கூடும். தொண்ணூறு வோல்ட் இறங்கிப் பெட்டி புகைந்துவிட்டது. நான் போனபோது, சீரியலில் போட்டால் பிரிந்துதானே போகும் என்று எனக்கே பாடம் நடத்தினார் மனுஷன். வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, வேறு பெட்டி தஞ்சாவூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றேன். பரீதா வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "பெட்டி போனா போவுதுண்ணே. அவங்க துபாய் ஏஜெண்டுக்கு போன் போட ஆரம்பிச்சுட்டாங்க."

நாலாவது பேனல்

பெட்டி வருகிறதா வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் ஒரு விவசாயி வீட்டு வேலை. அவர்கள் பெட்டி மூன்று பேனல்தான் தாங்கும். மூன்றைத்தான் மாடியில் ஏற்றினேன். வீட்டம்மா கீழிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு, இலையில் இட்லிகூட மூணு வைக்கமாட்டோம், மூணு ஆகாது என்றார். இரண்டாகக் குறைத்தால் ஃபேன் ஓடாது, நாலாக்கினால் பெட்டி சூடேறிச் செத்துப்போகும் என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். அந்தம்மா ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்கென்ன, நாலாப் போட்டு ஒண்ணுக்கு மட்டும் கனெக்ஷன் கொடுக்காம விட்டுடுங்க."

இன்றைக்கும் அந்த நாலாவது பேனல் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதில் வடகம் காயப்போடுகிறார்கள் என்று கேள்வி.

தெற்கு

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். அறுபதாம் கல்யாணத்துக்கு சிங்கப்பூர் மகன் கொடுத்த பரிசு சோலார். பெட்டி, பேனல், பேட்டரி எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அப்பாடா, மச்சான் இல்லாத வீடு என்று நினைத்தேன். நம் ஊரில் பேனல் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருந்தால்தான் நாள் முழுக்க வெயில் வாங்கும். சாய்த்து நட்டு முடுக்கும்போது வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இப்பத்தான் திருக்கடையூர் போயி எமனை ஒருவழியா அனுப்பிட்டு வந்திருக்கோம். அவன் திசையப் பாக்கவே வக்கிறீங்களே தம்பி?"

கிழக்கே திருப்பிவைத்தேன். சாயங்காலம் பேட்டரி நிறையவில்லை என்று மகன் சிங்கப்பூரிலிருந்து என்னைத்தான் திட்டுகிறார்.

பச்சை விளக்கு

பரீதாவுக்குப் பெட்டி வந்தது. சாதிக்குக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது. இந்த முறை அண்ணனை ஏணியைப் பிடிக்கச் சொல்லிக் கீழேயே நிறுத்திவிட்டு, நானே பிளஸ்ஸோடு பிளஸ்ஸை முடுக்கினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வழக்கம்போல மத்தியானம் கரண்டு போயிற்று. தெருவே அடங்கியது, பரீதாவின் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சாதிக் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஏஜெண்டைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னார். பரீதா தலை நிமிரவில்லை, ஆனால் மெஷின் ஒரு நிமிஷம் நின்றுபோயிற்று. எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போன ஒரே நாள் அதுதான்.

ஒரு மாதம் கழித்துப் பரீதா கடைக்கு வந்தார். சாதிக் நாள் முழுக்க பெட்டி முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மேகம் வந்தால் மெஷினை நிறுத்து, வெயில் வந்தால் தை என்று உத்தரவு போடுகிறாராம். சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்: "துபாய்க்கு வேணாண்ணே. பகல்ல மட்டும் உங்க கடைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

கூட்டி வந்தேன், இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் எந்தப் பெட்டிக்கு எந்தப் பேனல் என்று என்னை முந்திக்கொண்டு சொல்ல, என் கடையிலேயே ஒரு மச்சான் இருக்கிறார்.