பம்ப் கட்டுவதற்கு முன் சொல்ல வேண்டியிருந்தது

1. முழங்கால் மடிந்த ஞாயிற்றுக்கிழமை

சக்கர நாற்காலியிலிருந்து முதியவரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது என் முழங்கால்கள் இரண்டும் மடிந்தன. நான் கீழே, அவர் என் மேலே. அவருடைய நெற்றி மேசை விளிம்பில் பட்டு இரத்தம் வந்தது.

பிள்ளைகளே, அப்பாமார் என்ன வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கு எழுதித் தரும்படி உங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சர் கேட்டார். நான் அதிகம் படித்தவன் அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இத்தாலியில், பலெர்மோவில் ஒரு சிக்னோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், வீட்டில் வேலை செய்தேன். சமையல், பரிமாறல், உடுப்புகளுக்கு ஸ்திரிக்கை போடுவது, அவருடைய தகப்பனாரைத் தூக்கி இருத்துவது எல்லாம் என் பொறுப்பு. தகப்பனார் முன்பு பள்ளிக்கூட அதிபர். அதனால் எல்லோரும் அவரைப் பிரேசிடே என்றே அழைப்பார்கள். என் பெயர் கணேசமூர்த்தி. அது அவர்கள் வாயில் நுழையாததால் நான் ஜீனோ ஆகிவிட்டேன்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. குளிசை போடும் வகை அல்ல. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்ட வகை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஊசி போட வேண்டும். இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இங்கே விருந்தாளிகள் வந்து மேசையில் இருந்த பிறகுதான் பாஸ்தாவைக் கொதிதண்ணீரில் போடுவார்கள். "ஜீனோ, பாஸ்தாவைப் போடு" என்று சிக்னோரா சொன்னால் உடனே சாப்பாடு தொடங்கப் போகிறது என்று அர்த்தம். நான் பாஸ்தாவைப் போட்டுவிட்டு, குசினிக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குளியலறைக்குள் போய், கதவைப் பூட்டி ஊசியைப் போட்டுக்கொள்வேன். முதல் தட்டுகள் மேசைக்குப் போனதும் குசினியில் நின்றபடியே நானும் சாப்பிடுவேன். பரிமாறத் தொடங்கினால் ஊசிக்கு நேரம் கிடைக்காது என்பதால் பழகிய ஒழுங்கு அது.

அன்று நான் ஊசி போட்டுவிட்டு வெளியே வர சிக்னோரா ஓடி வந்தார்.

"ஜீனோ, நிப்பாட்டு, நிப்பாட்டு! தம்பி இன்னும் பகேரியாவிலைதான் நிக்கிறானாம். உந்தப் பாஸ்தாவை எறி. அவன் வந்தாப் பிறகு புதுசாப் போடுவம்."

அடுப்பை அணைத்தேன். உடம்புக்குள் போன மருந்தை அணைக்க முடியாது; சாப்பாடு போகாவிட்டால் அது இரத்தத்தில் உள்ள சீனியை இறக்கி ஆளை விழுத்திவிடும்.

ஒரு துண்டுப் பாண் எடுத்துத் தின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மேசையில் கூடை நிறையப் பாண் இருந்தது. ஆனால் வந்தவர்கள் சாப்பிட முன்னம் பரிமாறுகிறவன் வாயில் வைப்பதில்லை என்றுதான் எங்களை வளர்த்திருந்தார்கள். சிக்னோரா அப்படி ஒரு சட்டமும் போடவில்லை. அது எனக்குள்ளேயே இருந்த சட்டம்.

தம்பியார் வந்து சேர்ந்தபோது என் சட்டை முழுக்க வியர்வை. அந்த நிலையில்தான் பிரேசிடேயைத் தூக்கினேன்.

கீழே கிடந்தபடி அவர் என் காதுக்குள் சொன்னார்: "விழுறது என்ர வேலையடா. என்னைப் பிடிக்கத்தானே உன்னை வைச்சிருக்கினம்."

மற்றவர்கள் அவரைத் தூக்கி நாற்காலியில் இருத்தினார்கள். நான் குசினிக்குள் தவழ்ந்து போய்ச் சீனிப் போத்தலைத் திறந்து அள்ளி வாயில் போட்டேன். பின்னால் வந்து என்னவென்று கேட்ட சிக்னோராவிடம், "வெக்கை, சிக்னோரா" என்றேன். ஆபிரிக்கப் பக்கத்திலிருந்து சூடான காற்று வீசிய நாள் அது. அவர் நம்பினார்.

2. டொத்தோரெஸ்ஸாவின் கேள்வி

மருத்துவமனையில் என்னைப் பார்க்கும் பெண் மருத்துவர், டொத்தோரெஸ்ஸா, கைத்தொலைபேசியை விடச் சிறிய ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். இன்சுலின் பம்ப். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுத் தோலுக்குள் போகும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இறங்கும். உடம்பில் ஒட்டும் சென்சர், சீனி இறங்குவதைக் கண்டால் மருந்தைக் குறைத்து அலாரம் அடிக்கும்.

"அப்ப இனி விழமாட்டனோ?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு எண்டு நீங்கள் குடுத்த மருந்தை இந்த மெஷினாலையும் திருப்பி எடுக்கேலாது. ஆனா கதவைப் பூட்டி ஊசி போடத் தேவையில்லை. தட்டு கையிலை வந்தாப் பிறகு பட்டனை அமத்தலாம்."

நான் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். தூக்கும்போது பிரேசிடே என் இடுப்புப் பட்டியைத்தான் இறுக்கிப் பிடிப்பார். குழாய் கழன்றால்? வெயிலில் குழாயைப் பிடிக்கும் ஒட்டு வியர்வையில் உரிந்தால்? பரிமாறும்போது அலாரம் அடித்தால்?

டொத்தோரெஸ்ஸா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். குழாயைச் சட்டைக்குள் ஒட்டலாம், ஒட்டு உரிந்தால் வேறு மாற்றலாம் என்றார். அலாரத்துக்கு வந்தபோது நிறுத்தினார்.

"வேலை வீட்டிலை ஆருக்குத் தெரியும்?"

நான் குழாயிலிருந்து கையை எடுத்தேன்.

"மறைச்சு வைச்சா, அலாரம் அடிக்கேக்கை அதை நிப்பாட்டிப்போட்டுத் தொடர்ந்து வேலை செய்வியள். பிறகு என்னத்துக்கு மெஷின்? அது உங்களுக்காகச் சாப்பாடு கேக்காது. நீங்கள்தான் கேக்கவேணும்."

3. வீட்டில் நடந்த கதை

உங்களில் சிலருக்குத் தெரிந்த ராஜி அன்ரிதான் என் மனைவி. அன்று அவரோடு கதைத்தேன்.

"கட்டுங்கோ. இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

"கட்டினாச் சொல்லவேணும், ராஜி. சொன்னா வேலை போயிடும்."

"போனாப் போகட்டும். நான் இன்னொரு வீட்டிலை கேக்கிறன்."

"நீர் இப்பவே முதுகு பிடிச்சுக்கொண்டு திரியிறீர்."

"இஞ்சேருங்கோ, முதுகு நோகிறவள் உயிரோடை இருக்கிறாள்தானே? நீங்கள் பாத்ரூமுக்குள்ளை பூட்டிக்கொண்டு விழுந்தா ஆர் கதவை உடைக்கிறது? அந்தப் பிரேசிடேயோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகும் நான் உடனே முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு முறை பிரேசிடேயைத் தூக்கும்போதும் அவருடைய நெற்றித் தழும்பு என் கண்ணுக்கு நேரே வந்தது. என் உடம்பைப் பற்றி மட்டும் யோசித்திருந்தால் இன்னும் இழுத்தடித்திருப்பேன். என்னை நம்பித் தன் முழுப் பாரத்தையும் தருகிறவருக்கு நான் எப்போது விழுவேன் என்று தெரியாது. அதை நினைத்துத்தான் துணிந்தேன்.

4. சொன்ன நாள்

சிக்னோரா கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். வருத்தத்தையும் பம்பையும் சொன்னேன். விழுந்த நாளில் வெக்கை இல்லை, சீனி இறங்கியதுதான் காரணம் என்றும் சொன்னேன். இனிப் பரிமாற முன்னம் நான் சாப்பிட வேண்டும் என்று கேட்டேன்.

அவர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "ஜீனோ, ஏன் முதல் சொல்லேல்லை? நீ எங்கட வீட்டு ஆள் எல்லே? வடிவாச் சாப்பிடு." அவருடைய கண் கலங்கியிருந்தது. அது பொய் அல்ல என்றே இன்றும் நம்புகிறேன்.

நான் பம்ப் கட்டினேன். கொஞ்ச நாளில் பிரேசிடேயைத் தூக்க வேறு ஒருவரைப் பிடித்தார்கள். "உனக்குப் பாரம் கூடாது, ஜீனோ" என்றார் சிக்னோரா. பிறகு சமையலும் அந்தப் புதியவரிடம் போனது. எனக்கு ஸ்திரிக்கை மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை. ஒருவரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. வா என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் பிரேசிடேயிடம் விடைபெறப் போனேன். "புதுசா வந்தவன் நல்ல பலசாலி. மூட்டை தூக்கிற மாதிரித் தூக்கிறான்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் அடுக்குமாடிகளின் படிகளைக் கழுவுகிறேன். பழைய வேலையை நினைத்தால் மனம் பாரமாகத்தான் இருக்கிறது. பம்ப் கட்டியது சரியா என்று கேட்டால், சரி. வெக்கையில் ஒட்டு உரியும், இரவில் குழாய் முறுகும், ஆனாலும் அதன் பிறகு நான் விழவில்லை.

பிள்ளைகளே, என் அனுபவத்தில் படித்தது இவ்வளவுதான். உடம்பில் உள்ளதை, வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். அலாரம் அடித்தால் நான் ஈரப் படியிலேயே இருந்து ஜூஸ் குடிக்கிறேன். மேலே ஏறுகிற வீட்டுக்காரர்கள் ஏன் படியில் இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அவர்களில் சிலர் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அது தெரிந்தும் சொல்கிறேன்.