பதினேழு படிகளுக்கு ஒரு கைப்பிடி

எனக்கு வெல்டிங் தெரியும் என்று சொன்னால் என் பழைய ஆபீஸ்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். பேனாவுக்கு மை போட்டால் பாதி மை சட்டைக்குப் போகிற ஆள் நான். கல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பாலங்களுக்கும் கிடங்குகளுக்கும் இரும்புக் கைப்பிடி வரைவது தினப்படிப் பிழைப்பு. வரைந்தேனே தவிர, இரும்பை நான் தொட்டதில்லை. எழுபதுகளின் கடைசியில் நானே ஒரு வெல்டிங் மெஷினைத் தேடி அலைந்தேன் என்றால், என் மனைவி மாடிப்படியில் விழுந்ததுதான் காரணம்.

மூன்று வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலோடு காலேஜ் படித்து, என்னைக் கட்டிக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகவும் சேர்ந்துவிட்டாள். எங்கள் வீடு பெஹாலாவில், முதல் மாடி. மொத்தம் பதினேழு படி. இறங்கும்போது சுவர் வலப்பக்கம் இருந்தது. அவளுக்குப் பிடிமானம் வேண்டியதோ இடப்பக்கம். அங்கே ஒரு காலத்தில் மரக் கைப்பிடி இருந்து உளுத்துப்போய்விட்டது. ஜூலை மாத மழையில் ஈரப்படியில் சறுக்கி ஏழெட்டுப் படி உருண்டாள். எலும்பு தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு என் கையைப் பிடிக்காமல் அவளால் ஒரு படிகூட இறங்க முடியவில்லை.

எனக்கோ மாதத்தில் பாதி நாள் டூர். நான் இல்லாத நாட்களில் அவள் மாடியோடு சரி. பள்ளியில் துர்கா பூஜா விடுமுறை தீபாவளி கழிந்து முடியும்வரை லீவு கொடுத்தார்கள். திறக்கிற அன்று வராவிட்டால் வேறு டீச்சர் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை கண்ணியமாகவே சொல்லி அனுப்பினார். ஆக, அதற்குள் கைப்பிடி வந்தாக வேண்டும்.

கிரில் செய்கிற கடைகளுக்குப் போனேன். பூஜைக்கு முன்னால் கல்கத்தாவில் எந்த மிஸ்திரியையும் பிடிக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. நாலு கடையிலும் ஒரே பதில்: "பூஜோர் போரே, தாதா." அதாவது துர்கா பூஜை, காளி பூஜை எல்லாம் முடிந்த அப்புறம், அண்ணா. நாலாவது கடைக்காரரிடம் நான் கத்திவிட்டேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, கோபம் அடங்குகிறவரை பார்த்திருந்துவிட்டு, "அவ்வளவு அவசரமானால் நீங்களே செய்யுங்களேன்" என்றார் இந்தியில். கிண்டல்தான். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு கடையில் இடுப்புயரத்துக்கு, சக்கரம் வைத்து, வயிறு நிறைய எண்ணெய் ஊற்றிய மெஷின் ஒன்று நின்றது. பார்த்ததும் மயங்கிவிட்டேன். நோட்டை எடுத்து முன்பக்கமும் பக்கவாட்டும் வரைந்துகொண்டு, அதே கிரில் கடைக்கு ஓடினேன். படம் நன்றாக இருக்கிறது என்று அந்தக் கடைக்கார மிஸ்திரி பாராட்டினார். பிறகு கேட்டார்: "உங்கள் வீட்டுக்கு வருகிற வயர் எவ்வளவு தடிமன்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டு வயர் சேமியா மாதிரி இருந்தது. அந்தப் பெரிய மெஷினை மாட்டினால் எங்கள் வீடு மட்டுமல்ல, தெருவே இருண்டிருக்கும். "மெஷினைப் பார்த்து வாங்காதீர்கள். வீட்டு வயரையும் செய்யப்போகிற வேலையையும் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கு வேண்டியது குழாய்க் கைப்பிடி, கப்பல் இல்லை" என்றார். சாதாரண வீட்டு கரண்டில் ஓடுகிற, காற்றிலேயே ஆறுகிற சின்ன மெஷின் ஒன்றை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். அதைக் கொடுத்து, மீட்டருக்குப் பக்கத்திலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுக்கச் சொன்னார். பத்து நிமிஷம் வேலை செய்தால் பத்து நிமிஷம் ஆற விட வேண்டும், உருக்கி ஒட்டுவதற்கு மெல்லிய ராடுதான் போட வேண்டும் என்றார். இவ்வளவு பொறுமையான மனுஷனிடமா கத்தினோம் என்று வெட்கமாக இருந்தது.

மெஷினைக் கீழே முற்றத்தில் இறக்கினோம். என் மனைவியைக் கையைப் பிடித்துக் கடைசிப் படிவரை இறக்கி உட்கார வைத்தேன். புதிதாக எது வந்தாலும் எங்கள் வழக்கப்படி பூஜை உண்டே. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அந்தக் கையோடு நான் ராடைத் தகட்டில் உரசினேன். பளீரென்று முதல் சுடர். முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டிய கேடயக் கண்ணாடி இடது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய கை தானாகக் குவிந்தது. தீபாராதனையைப் பார்ப்பதுபோல இருவரும் வெறுங்கண்ணால் அதை ஆசை தீரப் பார்த்தோம். அவள் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டாள்.

சாயந்திரத்துக்குள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல ஆகிவிட்டது. இருவரும் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக் கழுவி அழுதோம். கீழ்வீட்டு மாஷிமா, அதாவது வீட்டுக்கார அம்மாள், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து எனக்குத்தான் முதலில் வசவு கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் தன் பூஜைக்கு வைத்திருந்த நந்தியாவட்டைப் பூவை ஈரத்துணியில் வைத்து எங்கள் கண்ணில் கட்டினாள். மறுநாள் கண் டாக்டர், பார்வை தப்பியது உங்கள் அதிர்ஷ்டம் என்று திட்டி, சொட்டு மருந்து கொடுத்தார். மூன்று நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருட்டில் கிடந்தோம். மிஸ்திரி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் வெல்டிங்கைக் கும்பிட்ட ஆளை அவர் பார்த்ததில்லையாம்.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். டூரை மன்றாடித் தள்ளிப்போட்டேன். கண்ணாடி இறங்காமல் ராடு தொடாது என்று சத்தியம் செய்துகொண்டேன். மிஸ்திரியே ஒரு நாள் வீட்டுக்கு வந்து முற்றத்தில் போட்டுக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ்திரியின் கடையில் அரை மணி நேரம் நிற்பேன். அவர் கையைப் பார்ப்பதே ஒரு சுகம். ராடு எரிந்து குட்டையாகிக்கொண்டே வரும். முனைக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கிற இம்மி இடைவெளி மட்டும் மாறாது. மேலே படிந்த கசடைத் தட்டினால் உள்ளே வரிவரியாக, ஒரே சீராக இரும்பு உறைந்திருக்கும். முப்பது வருஷம் கோடு போட்ட ஆளைக் கூட்டிவந்தாலும் அந்த வரியைப் போடமாட்டான்.

என் கையிலோ ராடு போய் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் இன்னோர் இடத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால் குழாயில் ஓட்டை விழும். இதற்கு நடுவில் லோட்ஷெடிங்: ராடைப் பிடித்து, மூச்சை அடக்கி, சுடர் வந்த நேரத்தில் கரண்ட் போகும். மழை ஈரத்தில் ராடுகள் நமுத்துப்போய் சடசடவென்று தெறித்தன. என் மனைவி அவற்றை வாங்கித் தோசைக்கல்லில் பரப்பி, வடகம் மாதிரி புரட்டிப் புரட்டிச் சூடேற்றித் தருவாள். முதலில் ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டு செய்தேன். மூன்று காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நின்றது. மாஷிமா அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள், நல்ல மனுஷி.

மகாளயத்தன்று கைப்பிடியின் முதல் துண்டை முடித்தேன். இரண்டு கம்பம், மேலே ஒரு குழாய். கசடு தட்டி, பிரஷ் போட்டு, பெருமையாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மிக் குழவியை எடுத்து வரச் சொன்னாள்.

"எதுக்கு?"

"எடுத்தாங்களேன்."

எடுத்து வந்தேன். கால் நீட்டி உட்கார்ந்தபடியே குழவியை ஓங்கி மூட்டில் ஒரு போடு போட்டாள். கம்பம் தனியாக, குழாய் தனியாக வந்துவிட்டது. மேலே அழகாகப் படிந்திருந்ததே தவிர, என் வெல்டிங் உள்ளே பிடிக்கவே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்து நாள் உழைப்பு அது. "உடைக்கணும்னே இருக்கியா? வேற ஆளைப் பாத்துக்கோ!" என்று கத்தினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "இதைப் பிடிச்சுக்கிட்டு எறங்கப் போறது நான். நான் இதுல சாயும்போது ஒடஞ்சா, அதுக்கு அப்புறம் கத்தி என்ன செய்வீய?"

நான் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

"மேல இருந்து நெதமும் கேக்கேன்" என்றாள் பிறகு. "அந்தக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து காட்டுனாரே, அன்னைக்கு எண்ணெ நல்லா காஞ்சு அப்பளம் பொரியுத சத்தம் வந்துச்சு. நீங்க போடும்போது அந்தச் சத்தமே இல்ல. காயாத எண்ணெயில போட்ட மாதிரி சொதசொதன்னு கேக்கு. தீய கூட்டுங்க."

நான் ஓட்டை விழும் என்று பயந்து கரண்டைக் குறைத்தே வைத்திருந்தேன். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். மாடியில், கதவுக்குப் பின்னால், மெஷினைப் பார்க்காமலே அவள் கண்டுபிடித்திருந்தாள். இறங்கிப் போய் கரண்டை ஒரு படி கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. கூட்டினேன். பொரிகிற சத்தம் வந்தது. "இப்பதான் சரி! கையை நிறுத்தாதீய, மெதுவா இழுங்க!" ஆற விட்டு, குழவியை நானே எடுத்து அடித்தேன். நாலு அடி அடித்தும் மூட்டு அசையவில்லை. முற்றத்திலேயே நின்று கூத்தாடினேன். மிஸ்திரியிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நானும் காதால்தான் செய்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது, பௌதிக்கு இரண்டு வாரம்" என்றார். பௌதி என்றால் அண்ணி.

அதற்குப் பிறகு வேலை வேகமெடுத்தது. ஊரெல்லாம் பந்தல், தாக் மேளம், புதுத்துணி. நாங்கள் மட்டும் இரும்புப் பொடியில் நின்றோம். மேளச் சத்தத்தில் மெஷின் சத்தம் கேட்கவில்லை என்று அவள் அலுத்துக்கொண்டாள். பிறகு தானே படிப்படியாக உட்கார்ந்து நகர்ந்து கீழே வந்து, இன்னொரு கேடயத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தாள். தாழ்வான மூட்டுகளுக்கு எனக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்தது. "தாங்க இங்கன" என்று ராடை வாங்கினாள். முதல் இரண்டு ஒட்டிக்கொண்டன. மூன்றாவதிலிருந்து அவள் போட்ட வரி என் வரியைவிடச் சீராக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. அடி மூட்டுகள் அத்தனையும் அவள் செய்ததுதான்.

காளி பூஜைக்கு முந்தின நாள் கம்பங்களைப் படிகளில் போல்ட் அடித்து நிறுத்தி, சிவப்புப் பூச்சு அடித்தோம். ஒவ்வொரு மூட்டும் குழவியடி வாங்கித்தான் தேறியது. மிஸ்திரி வந்து தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

பள்ளி திறக்கிற அன்று அவள் பச்சைக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் நான் முழங்கையைப் பிடிக்கப் போனேன்.

"கைய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். இடது கையால் குழாயைப் பற்றினாள். முதல் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கினாள். இரண்டாவது, மூன்றாவது. அவள் விழுந்த இடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் நடுப்படியைத் தாண்டி நின்று, தோள்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க. இத அடுப்புல போட்டிருங்க." மேலே கையை நீட்டினாள்.

அவள் நின்ற படிவரை இறங்கி வாங்கினேன். மடித்த காகிதம். அதைப் பிரிப்பதற்குள் அவள் முற்றத்தைக் கடந்து, மாஷிமாவுக்குக் கையசைத்து, வெளியே போய்விட்டாள். தெருவில் ரிக்‌ஷாக்காரரிடம் தன் திருநெல்வேலி வங்காளியில் சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கு எழுதிய ராஜினாமாக் கடிதம் அது. குடும்பக் காரணங்களை முன்னிட்டு என்று இருந்தது. காலைப் பற்றியோ படியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. கீழே கையெழுத்து. தேதி ஆகஸ்ட் மாதத்தது, மெஷின் வீட்டுக்கு வருவதற்கும் முன்னால். இத்தனை நாளும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவள் ராடுகளைப் புரட்டிக் கொடுத்திருக்கிறாள், மேலே உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையும் கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் படியில் உட்கார்ந்து, ஆபீஸுக்கு நேரமாவதையும் மறந்து, வாய்விட்டு அழுதேன்.